காட்டுத்தீக்கு முன் எதற்குச் செலவிடுவது? தென்னாப்பிரிக்க வீடுகளுக்கான ஓர் ஒப்பீடு

கையில் இருக்கும் பணம் ஒரே ஒரு வேலைக்குத்தான் காணும். முகப்புச் சன்னல்கள் அத்தனைக்கும் டஃபன்டு (சூட்டில் பதப்படுத்தி வலுவேற்றிய) கண்ணாடி போடலாம். அல்லது அதே பணத்தில் கூரையோர இடுக்குகளை அடைத்து, காற்றுத் துளைகளுக்கு எஃகு வலை அடித்து, இறவாரத்தின் முகப்பில் அடித்த மர ஃபேசியா பலகையைக் கழற்றிவிட்டு ஃபைபர் சிமெண்ட் பலகை மாட்டலாம். பீட்டர்மாரிட்ஸ்பர்க் மலைச்சரிவிலோ, டோங்காட் கரும்புக் காட்டோரத்திலோ, சாட்ஸ்வொர்த்தில் சில்வர்கிளென் காப்புக்காட்டை ஒட்டியோ குடியிருக்கும் ஒரு குடும்பம் எதைச் செய்வது என்று கேட்டால், எங்கள் பதில் இரண்டாவதுதான். இந்தப் பதில் பொருந்தாத வீடுகளும் உண்டு. அவற்றையும் கீழே சொல்கிறோம்.

வீடு எங்கே பற்றுகிறது

காட்டுத்தீ என்றதும் சுவர் போல எழுந்து வரும் தழல்தான் கண்முன் நிற்கும். அந்தத் தழல் நேரடியாகத் தொட்டு எரியும் வீடுகள் உண்டு. ஆனால் அதைவிட அதிகம், பறந்து வரும் கங்கு விழுந்து எரிபவை. பைன் காய், யூகலிப்டஸ் பட்டை, கரும்புத் தோகை ஆகியவற்றின் கனன்ற துண்டுகள் காற்றில் ஏறித் தீமுனைக்கு வெகுதூரம் முன்னால் போய் இறங்கும். தீமுனை ஒரு வீட்டைக் கடக்கச் சில நிமிடங்கள் போதும். கங்கு மழை அதற்கு முன்பே தொடங்கி, கடந்த பின்னும் மணிக்கணக்கில் பெய்யும்.

அமெரிக்க வன ஆய்வாளர் ஜாக் கோஹென், கனடாவின் வடக்குக் காடுகளில் நடந்த பரிசோதனைத் தீக்களின்போது, காட்டின் ஓரத்திலிருந்து வெவ்வேறு தொலைவுகளில் மரச்சுவர்களை நிறுத்திப் பார்த்தார். 10 மீட்டரில் நின்றவற்றில் சில பற்றின. 20 மீட்டரிலும் 30 மீட்டரிலும் நின்றவை பற்றவில்லை. மரத்தாலான சுவரே 20 மீட்டரில் பற்றவில்லை என்றால், செங்கல் சுவரும் 20 மீட்டர் வெட்டவெளியும் உள்ள நம் வீட்டை அனல் மட்டும் எரிப்பது அரிது. எரிப்பது உள்ளே நுழையும் கங்கு.

2017 ஜூன் 7-ஆம் தேதி தென்கடலோர ஊரான நைஸ்னாவில் எரிந்தவை எண்ணூறுக்கும் மேற்பட்ட வீடுகள். நெடுநாள் வறட்சி, அன்றைக்கு வீசிய கடுங்காற்று, சரிவுகளில் மண்டிக் கிடந்த அயல்நாட்டு மரங்கள் மூன்றும் சேர்ந்துகொண்டன. 2021 ஏப்ரல் 18-ஆம் தேதி கேப் டவுனில் டேபிள் மலைச் சரிவில் பிடித்த தீ பல்கலைக்கழக வளாகத்துக்குள் இறங்கி ஜாகர் நூலகத்தின் வாசிப்பு அரங்கை எரித்தது. 1796-இல் கட்டிய மோஸ்டர்ட் காற்றாலையும், அதன் புல்கூரைத் தலையும் அன்றே போயிற்று. அதே நூலகத்தில் தீத்தடுப்பு ஷட்டர்கள் தாமாக இறங்கியதால் மற்றப் பகுதிகளுக்குத் தீ பரவவில்லை. அங்கே திறப்புகளை மூடியதுதான் காப்பாற்றியது என்பதைக் கவனியுங்கள்.

பொருளின் மேல் எழுதியிருப்பதைப் படிப்பது

"தீப்பிடிக்காதது" என்று கடையில் சொல்லும் ஒரே சொல்லுக்குள் மூன்று வேறு பண்புகள் இருக்கின்றன. இதைக் குழப்பிக்கொள்வதால்தான் பணம் அதிகம் வீணாகிறது.

முதலாவது, எரியாமை. தென்னாப்பிரிக்கத் தேசியத் தரமான எஸ்.ஏ.என்.எஸ். 10177-இன் 5-ஆம் பகுதி, பொருளை 750 டிகிரி உலையில் வைத்து அது எரிகிறதா என்று பார்க்கிறது. செங்கல், கான்கிரீட், எஃகு, ராக்வுல் என்னும் பாறையிழைக் கம்பளி போன்றவை இதில் தேறும். இரண்டாவது, தாக்குப்பிடிக்கும் நேரம். அதே தரத்தின் 2-ஆம் பகுதி, ஒரு முழுச் சுவரையோ கதவையோ உலையில் பொருத்தி எத்தனை நிமிடம் நிற்கிறது என்று அளக்கிறது. இப்படிப்பட்ட உலையின் வெப்பம் 30-ஆவது நிமிடத்தில் சுமார் 840 டிகிரியைத் தொடும். 60-ஆவது நிமிடத்தில் சுமார் 945. அந்த எண் முழு அமைப்புக்கானது. தனிப் பலகைக்கானது அல்ல. ஒரு மணி நேரம் தாங்கும் பலகையை வாங்கிவந்து இணைப்பில் அரை விரற்கடை இடுக்கு விட்டுப் பொருத்தினால் அந்த ஒரு மணி நேரம் கிடைக்காது.

மூன்றாவது, தழல் பரவாமை. கூரைக்குள் போடும் வெப்பத்தடுப்புப் பொருள்களில் எஸ்.ஏ.என்.எஸ். 428 குறியீடு இருக்கும். பி, அடுத்து பி1, பிறகு ஓர் எண் என்று நீளும் வரிசை அது. முதல் எழுத்து "ஏ" என்றால் எரியாதது. "பி" என்றால் எரியக்கூடியது. அதன்பின் வரும் "பி1" தழல் பரவவில்லை என்பதைத்தான் சொல்கிறது. ஆக, "பி/பி1" என்று பெருமையாக அச்சிட்ட பாலியெஸ்டர் கம்பளம் சூட்டில் உருகிச் சுருங்கிவிடும். சீலிங் பலகை வெறுமையாக நிற்கும். அதே இடத்தில் ராக்வுல் போட்டால் ஆயிரம் டிகிரி வரை உருகாது. கண்ணாடிக் கம்பளி இரண்டுக்கும் நடுவில். ஏற்கெனவே பாலியெஸ்டர் போட்டிருந்தால் அதற்காகக் கூரையைப் பிரிக்க வேண்டியதில்லை. கங்கு உள்ளே வராமல் பார்த்துக்கொண்டால் போதும். புதிதாக வாங்குகிறீர்கள் என்றால் "ஏ" வாங்குங்கள்.

கூரை: தகடா, ஓடா

எரியாத மேற்பரப்பு என்ற அளவில் சதுர மேடுகளுள்ள ஐ.பி.ஆர். தகடு, நெளித்தகடு, கான்கிரீட் ஓடு மூன்றும் சமம். வேறுபாடு ஓரங்களில்தான்.

ஐ.பி.ஆர். தகட்டின் ஒவ்வொரு மேட்டுக்கும் சுமார் 36 மி.மீ. உயரம். இறவாரத்தில் ஏணி போட்டு ஏறி, தகட்டின் நுனிக்குக் கண்ணை நேராக வைத்துப் பாருங்கள்: மேட்டுக்கு ஒன்றாகச் சதுரத் துளைகள் வரிசையாக உள்ளே போகும். பல வீடுகளில் அந்தத் துளையில் குருவிக் கூடு இருக்கும். காய்ந்த புல், பஞ்சு, பிளாஸ்டிக் நூல். அதற்கு ஒரு சாண் உள்ளே தகட்டைத் தாங்கும் 50×76 மி.மீ. பைன் பர்லின் (குறுக்குமரம்). கங்கு விழ இதைவிடத் தோதான இடம் வீட்டில் வேறெதுவும் இல்லை. தகடு எரியாது என்ற நிம்மதியில் இந்தத் துளைகளை யாரும் பார்ப்பதில்லை.

அடைக்க மூன்று வழி உண்டு. தகட்டின் வடிவத்துக்கே வெட்டிவரும் ஃபோம் பட்டை மலிவு, மாட்ட எளிது. ஆனால் அது பாலிஎதிலீன், சூட்டில் உருகி விழும். வண்டும் மழையும் வராமலிருக்க அது போதும், கங்குக்கு உதவாது. சிமெண்ட் சாந்து எரியாது. ஆனால் வெயிலில் தகடு நீளும், இரவில் சுருங்கும், ஓரிரு ஆண்டில் சாந்து விரிசல் விட்டு உதிரும். மூன்றாவது, ராக்வுல்லைக் கையளவு பிய்த்து மேட்டுக்குள் இறுகத் திணித்து, வெளிப்பக்கம் தகட்டின் வடிவத்துக்கே வெட்டிய உலோகப் பட்டையைத் திருகி விடுவது. தகடு அசைந்தாலும் ராக்வுல் கூடவே கொடுத்து வாங்கும். நாங்கள் பரிந்துரைப்பது இதைத்தான். முகட்டுத் தகட்டின் அடியிலும் இதே துளைகள் உண்டு. கீழே அடைத்து மேலே விட்டால் பாதி வேலை. காற்றோட்டம் வேண்டிய இடத்தில் ராக்வுல்லுக்குப் பதில் எஃகு வலை போடுங்கள். எல்லாவற்றையும் இறுக்கி மூடிவிட்டால், டர்பன் ஈரத்தில் தகட்டின் அடியில் நீர் கோத்துப் பர்லின் உளுத்துப்போகும்.

தகட்டுக்கும் சுவருக்கும் இடையே கைமரங்களுக்கு நடுவில் செங்கல் வைத்து அடைப்பதை இங்கே பீம்ஃபில்லிங் என்பார்கள். மலிவாகக் கட்டிய வீடுகளில் இது பாதியில் நிற்கும். மழைக்காலத்தில் தெரியாது, உள்நாட்டிலிருந்து வறண்டு சூடாக வரும் பெர்க் காற்றடிக்கும் ஆகஸ்ட் மாதத்தில் தெரியும்.

ஓட்டுக்கூரையில் சிக்கல் வேறு. ஓடுகள் ஒன்றின்மேல் ஒன்று படிந்து கிடப்பவை. உடைந்த ஓடு, நழுவிய ஓடு, முகட்டில் சாந்து உதிர்ந்த இடம் என்று நூறு வாயில். ஓட்டுக்கடியில் 38×38 மி.மீ. ரீப்பர், அதன்கீழ் ஒரு பிளாஸ்டிக் விரிப்பு. பழைய கூரையில் அந்த விரிப்பு வெயிலில் நொறுங்கி, அதன்மேல் பத்து ஆண்டுச் சருகு கிடக்கும். இறவாரத்திலிருந்து மூன்றாவது வரிசை ஓட்டை மெல்லத் தூக்கிப் பார்த்தாலே நிலைமை விளங்கிவிடும். அரைவட்டக் களிமண் ஓடாக இருந்தால் கீழ்நுனி ஒவ்வொன்றையும் சாந்தால் அடைக்க வேண்டும்.

புதுக்கூரை போடுகிறவருக்கு எங்கள் தீர்ப்பு: ஓரங்களை ஒழுங்காக அடைக்கும் ஆள் கிடைத்தால் தகடு. இணைப்புகள் குறைவு, சருகு தங்காது, பராமரிப்பும் எளிது. ஏற்கெனவே நல்ல ஓடு இருந்தால் அதைக் கழற்றித் தகடு போடுவது வீண்செலவு. அந்தப் பணத்தில் முகட்டையும் ஓரத்தையும் சரிசெய்யுங்கள்.

சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பழைய கவுன்சில் வீடுகளில் இன்னும் ஆஸ்பெஸ்டாஸ் கூரைகள் இருக்கின்றன. ஆஸ்பெஸ்டாஸ் எரியாது என்பது சரி. ஆனால் அந்தச் சிமெண்ட் தகடு திடீர்ச் சூட்டில் வெடித்துச் சிதறும். சிதறியபின் கூரை திறந்த வாய்தான், மேலும் நார் காற்றில் கலக்கும். அதில் துளை போடாதீர்கள், அறுக்காதீர்கள், பிரஷர் வாஷர் அடிக்காதீர்கள். 2020-ஆம் ஆண்டு ஆஸ்பெஸ்டாஸ் விதிகளின்படி, கழற்றும் வேலையைப் பதிவு பெற்ற ஒப்பந்தக்காரர்தான் செய்ய வேண்டும். சகோதரர், மச்சான் எல்லாம் சேர்ந்து ஒரு சனிக்கிழமையில் இறக்கிவிடலாம் என்ற எண்ணமே வேண்டாம்.

சோலார் பலகை போட்டவர்களுக்கு ஒரு வார்த்தை. பலகைக்கும் கூரைக்கும் இடையே ஒரு சாண் இடைவெளியில் சருகும் புறாக்கூடும் சேரும். ஆண்டுக்கொரு முறை, தீக்காலத்துக்கு முன், அதைத் துழாவி எடுங்கள்.

வலை

விலைக்கு இவ்வளவு பயன் தரும் பொருள் வேறில்லை. ஆஸ்திரேலியாவின் ஏ.எஸ். 3959 தரம் காற்றுத் துளைகளுக்கு 2 மி.மீ.-க்கு மிகாத கண் உள்ள உலோக வலையைக் கேட்கிறது. வீட்டிலேயே சோதிக்கலாம்: தீக்குச்சி எளிதாக நுழைந்து போனால் கண் பெரிது.

எந்த வலை என்பதில் தவறு நடக்கிறது. கொசுவலைக் கடையில் கிடைக்கும் கண்ணாடியிழை வலை பூச்சு உருகித் தளர்ந்து தொங்கிவிடும். பிளாஸ்டிக் வலையைப் பற்றிப் பேசவே வேண்டாம். அலுமினிய வலை 660 டிகிரியில் உருகும். மெல்லிய கம்பி என்பதால் தழல் தொட்டாலே போதும். கால்வனைஸ்டு வலை உள்நாட்டில் நன்றாக இருக்கும். டர்பன், அம்லாங்கா, நைஸ்னா போன்ற கடலோரத்தில் உப்புக்காற்று சில ஆண்டுகளில் அரித்துவிடும். அங்கே 316 வகை ஸ்டெயின்லெஸ் எஃகு வாங்குங்கள்; உள்நாட்டுக்கு 304 போதும்.

இன்னொரு கணக்கும் உண்டு. 2 மி.மீ. கண், 0.56 மி.மீ. கம்பி என்றால் வலையில் திறந்த பரப்பு 61 விழுக்காடுதான். அதாவது காற்று முன்புபோல் ஓட, துளையின் பரப்பை 1.6 மடங்கு பெரிதாக்க வேண்டும். இதைச் செய்யாமல் வலை மட்டும் அடித்தால் கூரைக்குள் ஈரம் தங்கும். வலையின்மேல் பெயின்ட் அடித்தால் கண்கள் அடைந்துபோகும்; சுவருக்கு வர்ணம் பூச வருபவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

அடிக்கும் இடங்கள்: இறவாரத் துளைகள், முக்கோணச் சுவர்த் துளை, குளியலறைக் காற்றாடியின் வெளிவாய். பீட்டர்மாரிட்ஸ்பர்க்கின் பழைய வீடுகளில் மரத்தளத்துக்கடியில் ஏர்பிரிக் என்னும் துளைச்செங்கல் இருக்கும்; குனிந்து பார்க்காததால் அது மறந்துபோகிறது. தளத்துக்குக் கீழே காய்ந்த பலகையும் தூசும் கிடக்கும் இடம் அது. வலையைப் பசை போட்டு ஒட்டாதீர்கள். மரச்சட்டத்தில் எஃகு ஸ்டேப்பிள், சுவரில் எஃகுப் பட்டையும் திருகாணியும். ஓரத்தில் 2 மி.மீ.-க்கு மேல் இடுக்கு விட்டால் வலை இருந்தும் இல்லை.

பீலியும் ஃபேசியாவும்

கூரைநீர் வடியும் பிவிசி பீலியை (கட்டரை) மாற்றி உலோகம் போட வேண்டும் என்றுதான் பொதுவாகச் சொல்வார்கள். விஷயம் அவ்வளவு நேர் அல்ல. சருகு நிறைந்த பிவிசி பீலி பற்றினால், இளகிக் கழன்று எரியும் குப்பையோடு சுவரடியில் விழும். சருகு நிறைந்த உலோகப் பீலி கழலாது. எரியும் குப்பையை ஃபேசியா பலகைக்குப் பக்கத்திலேயே பிடித்து வைத்திருக்கும். காலியான பீலி எதுவானாலும் பெரிய வேறுபாடில்லை. ஆகவே நல்ல நிலையில் உள்ள பிவிசி பீலியைத் தீக்காக மட்டும் மாற்ற வேண்டியதில்லை. பணத்தை இரண்டு வேலைக்குப் போடுங்கள்: கூரை விளிம்பிலிருந்து பீலிக்குள் இறங்கும் ஒரு வளைத்த தகடு; மர ஃபேசியாவுக்குப் பதில் ஃபைபர் சிமெண்ட் ஃபேசியா. தகடு இருந்தால் பீலித்தீ கைமரத்தின் நுனியைத் தொடாது.

குவாசுலு-நட்டாலில் தீக்காலம் குளிர்காலம். ஜூன் முதல் அக்டோபர் வரை. மாரியம்மன் பூசைக்கு வேப்பிலையாக நாம் பறிக்கும் சிரிங்கா மரம் இலை உதிர்ப்பதும் அப்போதுதான். கூரைமேல் சாய்ந்த கிளையை வெட்டிவிடுங்கள், மரத்தை வைத்துக்கொள்ளலாம். கேப் டவுன் பக்கத்தில் தீக்காலம் கோடை என்பதால் அங்கே பீலி துடைக்கும் மாதம் நவம்பர்.

பீலிமேல் போடும் மூடி வலை பிளாஸ்டிக் என்றால் வாங்க வேண்டாம். உலோகம் என்றாலும் அதன் மேலேயே சருகு படியும். ஏணி ஏறும் வேலை குறையும், இல்லாமற்போகாது.

சன்னல்

சாதாரணக் கண்ணாடி அனலில் உடைவதற்குக் காரணம் சூடு மட்டுமல்ல. நடுப்பகுதி சூடேறி விரியும்போது, சட்டத்துக்குள் மறைந்த ஓரம் குளிராகவே இருக்கிறது. அந்த இழுவையில் ஓரத்தில் விரிசல் தொடங்குகிறது. உடைந்து விழுந்தால் திரைச்சீலை, மெத்தை, எல்லாம் கங்குக்குத் திறந்த வீடு.

டஃபன்டு கண்ணாடி இந்த இழுவையைப் பலமடங்கு தாங்கும். ஆஸ்திரேலியத் தரம், சதுர மீட்டருக்கு 29 கிலோவாட் அனல் வரக்கூடிய இடத்துக்கு 5 மி.மீ. டஃபன்டு கேட்கிறது, 40 கிலோவாட்டுக்கு 6 மி.மீ. நம் ஊரில் திருடருக்குப் பயந்து பலர் லேமினேட்டட் கண்ணாடி போட்டிருப்பார்கள். அது விரிசல் விடும். நடுவில் உள்ள பிளாஸ்டிக் படலம் சிறிது நேரம் துண்டுகளைப் பிடித்து வைக்கும், பிறகு இளகும். தீக்கு டஃபன்டு மேல். திருட்டுக்கு லேமினேட்டட் மேல். இரண்டும் வேண்டுமென்றால், வெளிப்பக்கம் டஃபன்டு, உள்பக்கம் லேமினேட்டட் என்று இரட்டைக் கண்ணாடி, விலை ஏறும். டஃபன்டு கண்ணாடியைப் பொருத்தும் இடத்தில் வெட்டவோ துளைக்கவோ முடியாது, வெட்டப் பார்த்தால் அப்படியே நொறுங்கிப்போகும்; அளவு தவறினால் வேறு கண்ணாடிதான். எனவே அளவெடுப்பதில் அவசரம் கூடாது.

மலிவான மாற்று, திறக்கும் சன்னல்களுக்கு வெளியே எஃகு வலைச்சட்டம். அனலையும் ஓரளவு குறைக்கும், கங்கையும் தடுக்கும், கொசுவுக்கும் ஆகும். ரோலர் ஷட்டர் எஃகில் என்றால் மிக நல்லது. ஆனால் மின்சாரத்தில் இயங்குவது என்றால் கையால் இறக்கும் வசதி கட்டாயம், ஏனெனில் தீ வரும் நாளில் முதலில் போவது மின்சாரம். சட்டங்களில் அலுமினியம் நன்று. பிவிசி இளகி வளைந்து கண்ணாடியைக் கைவிடும். மெரான்டி மரச்சட்டம் எரியும் என்றாலும், பருமனாக இருந்து பெயின்ட் பிளக்காமல் இருந்தால் பிவிசியைவிடத் தாங்கும்.

எல்லாப் பக்கமும் செய்யப் பணமில்லை என்றால் திசை பாருங்கள். நட்டாலிலும் நைஸ்னா பக்கத்திலும் பெர்க் காற்று உள்நாட்டிலிருந்து, பெரும்பாலும் வடமேற்கிலிருந்து வரும். பின்னால் வரும் குளிர்முனை காற்றைத் தென்மேற்குக்குத் திருப்பும். அப்போது தீயின் பக்கவாடே முனையாகிவிடும். கேப் டவுனில் கோடைத் தென்கிழக்குக் காற்று.

சுவர்

பூசிய செங்கல் சுவருக்கு எதுவும் வாங்க வேண்டியதில்லை. வெளியே அலங்காரத்துக்கு ஒட்டிய பாலிஸ்டைரீன் விளிம்புகள் இருந்தால் கழற்றுங்கள். நைஸ்னாவை உள்ளடக்கிய கார்டன் ரூட் கடலோரத்து மரச்சட்ட வீடுகளுக்கு நியூடெக் போன்ற ஃபைபர் சிமெண்ட் பலகை சரியான தேர்வு. ஆனால் பலகையின் கீழ்விளிம்பில் உள்ள காற்று இடைவெளிக்கு 2 மி.மீ. வலை வைக்காவிட்டால் அதுவே புகைபோக்கி ஆகும்.

பூச்சு, ஜெல், தண்ணீர்

சூட்டில் உப்பும் பெயின்ட் கட்டடத்துக்குள் எஃகுத் தூணுக்கு என்று வந்தது. வெளியே வெயிலிலும் மழையிலும் அதன் ஆற்றல் குறைந்துகொண்டே வரும். மேலே தகுந்த மேற்பூச்சு இல்லாமல் வெளிமரத்துக்கு அடித்தால் பணம் கரைந்துவிடும். தெளிக்கும் ஜெல் வெயிலும் காற்றும் சேர்ந்தால் சில மணி நேரத்தில் காய்ந்துவிடும். அடிக்க ஒரு ஆள் கடைசி நேரம் வரை வீட்டில் நிற்க வேண்டும். இரண்டையும் முதல் செலவாக நாங்கள் பரிந்துரைப்பதில்லை.

கூரைத் தெளிப்பான் கேட்கிறவர்கள் அதிகம். கணக்குப் போட்டுப் பார்ப்போம்: எட்டுத் தெளிப்பான், ஒவ்வொன்றும் நிமிடத்துக்கு 10 லிட்டர், ஆக 80 லிட்டர். 5,000 லிட்டர் தொட்டி சுமார் 62 நிமிடத்தில் காலி. கங்கு விழுவது மணிக்கணக்கில். மின்மோட்டார் நின்றுபோகும், பெட்ரோல் பம்பு வேண்டும், அதை நிழலில், அனல் படாத சுவருக்குப் பின்னால் வைக்க வேண்டும். எல்லோரும் ஜோஜோ என்று சொல்லும் பிளாஸ்டிக் தொட்டி, நீர் நிற்கும் மட்டம் வரை தாங்கும்; அதற்கு மேலே உருகும். பிளாஸ்டிக் குழாய்வாயை மாற்றிப் பித்தளை போடுங்கள், தரைக்குமேல் ஓடும் பிளாஸ்டிக் குழாயை மண்ணில் புதையுங்கள். இத்தனையும் செய்தால் தெளிப்பான் உதவும். பாதி செய்தால் அது வெறும் நம்பிக்கை.

புல்கூரை

வீடோ, பிராய் (வெளியே இறைச்சி சுடுவது) போடும் லாப்பா கொட்டகையோ புல்கூரை என்றால் மேலே சொன்ன கணக்கு எல்லாம் மாறும். புல்கூரை 45 டிகிரிச் சரிவில் கட்டுவதே தண்ணீர் உள்ளே ஊறாமல் வழிந்தோட. ஆகவே நனைத்தால் மேல்தோல்தான் நனையும். கங்கு முகட்டின் இடுக்கிலோ உடைந்த ஓரத்திலோ போய்க் காய்ந்த புல்லைப் பிடிக்கும். தீத்தடுப்பு மருந்து தெளிப்பது மழையில் கரையும். திரும்பத் திரும்பத் தெளிக்க வேண்டும். உள்பக்கம் எரியாத விரிப்பு வைப்பது வெளியேற நேரம் தரும், கூரையைக் காப்பாற்றாது. காட்டை ஒட்டிய இடத்தில் எங்கள் பரிந்துரை ஒன்றே: வீட்டோடு ஒட்டிய லாப்பாவின் புல்லை எடுத்துவிட்டுத் தகடு போடுங்கள். இந்த ஒரு வேலைக்கு, வலை உட்பட எல்லாவற்றையும் பின்னே தள்ளலாம்.

வாங்காமலே கிடைப்பது

சுவரிலிருந்து 1.5 மீட்டர் வரை எரியும் பொருள் எதுவும் வேண்டாம். மரப்பட்டைத் தூள், தென்னைநார் மிதியடி, பிராய் விறகு, கார் நிழலுக்குக் கட்டிய வலை எல்லாம் இதில் அடங்கும். அந்தப் பட்டையில் சரளைக்கல் அல்லது நடைக்கல் போடுங்கள். கறிவேப்பிலைச் செடியைத் தள்ளி நடுங்கள், அவ்வளவுதான்.

வெண்டி ஹவுஸ் பெரிய ஆபத்து. பைன் பலகைக் கொட்டகை, உள்ளே புல்வெட்டியும் பெட்ரோலும் பழைய பெயின்ட்டும், சன்னலுக்கு ஒரு மீட்டர் தள்ளி. அது பற்றினால் ஒரு மணி நேரம் எரியும். டஃபன்டு கண்ணாடியே தாங்காது. பத்து மீட்டர் தள்ளி வைக்க இடமிருந்தால் நகர்த்துங்கள், இல்லையென்றால் கழித்துவிடுங்கள். மரவேலி வீட்டுச் சுவரைத் தொடும் கடைசி இரண்டு மீட்டரை வைப்ராக்ரீட் என்னும் கான்கிரீட் பலகையாகவோ உலோகமாகவோ மாற்றுங்கள். பச்சை மருந்து ஏற்றிய பைன் கம்பம் எரிந்தால் அதன் சாம்பலில் ஆர்செனிக் இருக்கும்; வெறுங்கையால் தொடக்கூடாது.

எல்லைக்கு அப்பால் உள்ள புதருக்கும் ஒரு வழி உண்டு. 1998-ஆம் ஆண்டின் 101-ஆம் எண் சட்டப்படி, தீ தோன்றவோ பரவவோ கூடிய நிலத்தின் உரிமையாளர் தம் எல்லையில் தீத்தடுப்புக் கோடு வெட்டிப் பராமரிக்க வேண்டும். கரும்புத் தோட்டம், பைன் தோட்டம், வாட்டில் மரம் மண்டிய காலிமனை எல்லாம் இதில் சேரும். எழுத்தில் கேளுங்கள், தீக்காலத்துக்கு இரண்டு மாதம் முன் கேளுங்கள்.

வீட்டுக்கு வீடு

டோங்காட்டில் கரும்புக் காட்டோரத் தகட்டு வீடு: முதலில் ஐ.பி.ஆர். துளைகள், பிறகு வலை, பிறகு ஃபேசியா. கண்ணாடிக்கு இப்போது அவசரமில்லை.

சாட்ஸ்வொர்த்தில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை: கூரையைத் தொடாமல் செய்யக்கூடிய வலை, பீலி துடைப்பு, 1.5 மீட்டர் பட்டை. கூரைக்குப் பணம் சேர்த்து, பதிவு பெற்ற ஆளை வைத்துத் தகட்டுக்கு மாறுங்கள். ஒட்டு வீடு என்றால் பக்கத்து வீட்டாரோடு சேர்ந்தே செய்ய வேண்டும்; உங்கள் பக்கம் மட்டும் அடைத்தால், பொதுச்சுவர் கூரை வரை எழாத வீடுகளில் அவர்கள் பக்கத்துத் தீ சீலிங்மேல் நேராக வந்துவிடும்.

நைஸ்னா பக்கத்தில் சரிவின்மேல் மரவீடு: இங்கேதான் எங்கள் முதல் பதில் பொருந்தாது. தீ சரிவில் ஏறும்போது வேகமும் தழல் நீளமும் கூடும். கீழ்ச்சரிவை நோக்கிய சன்னல், மரத்தளம், சுவர் மூன்றும் அனலை நேரே வாங்கும். சரிவில் 20 மீட்டர் வெட்டவெளி கிடைக்காவிட்டால், டஃபன்டு கண்ணாடியையும் எஃகு ஷட்டரையும் வலையோடு சேர்த்து ஒரே ஆண்டில் செய்யுங்கள். மரத்தளத்தின் அடியை ஃபைபர் சிமெண்ட்டால் மூடி, சுவரை ஒட்டிய பலகைகளைக் கழற்றித் தகடோ கல்லோ வையுங்கள்.

எந்த வீடானாலும், சன்னல் கம்பிகளில் குறைந்தது ஒன்று படுக்கையறைப் பக்கம் உள்ளிருந்து திறப்பதாக இருக்க வேண்டும். அதன் சாவி கம்பிக்குக் கையெட்டும் தூரத்தில், வெளியிலிருந்து எட்டாத இடத்தில், எல்லோருக்கும் தெரிந்த ஓர் ஆணியில் தொங்கட்டும். பாட்டியும் குழந்தையும் இருட்டில் ஒருமுறை அதைத் திறந்து பார்த்துவிடட்டும்.